தோட்டத்து லிஃப்ட்

"அவசர மணி எங்கே?" என்று கேட்டார் மாமனார். "நடுவழியில ஆள் மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடறது?"

மாப்பிள்ளை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். அவன் நின்றது இடுப்பளவு ஆழமான ஒரு வட்டக் குழிக்குள். குழி இருந்தது அவன் வீட்டுத் தோட்டத்தில். அதில் இறங்கப்போவது லிஃப்ட் அல்ல, டிராம்போலின். ஆறு வயது மகள் ஏறிக் குதிப்பதற்கு.

"இது வெறும் குதிக்கிற வலை மாமா."

"குழி இருக்கு. ஸ்பிரிங் இருக்கு. ஏறின ஆள் மேல போறான், கீழ வர்றான். லிஃப்டுக்கு வேற என்ன மாப்பிள்ளை வேணும்?"

மாமனார் முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு சோதனைப் படிவத்தையும் எடுத்து வந்துவிட்டார். டிராம்போலினுக்கென்று தனிப் படிவம் அவரிடம் இல்லை. அதனால் லிஃப்ட் படிவத்தையே நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவன் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. இறந்த வாரமே மாமனார் வந்து குழந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மாமியார் போய்ப் பல வருடம் ஆன, ஓர் ஆள் வீடு அது. முதலில் நீங்கள் தேறுங்கள் என்றார். தேறிவிட்டேன் என்று அவன் சொன்னபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் பாப்பா என்ன செய்வாள் என்று கேட்டார்.

என்ன வேண்டும் என்று பாப்பாவையே கேட்டார்கள். டிராம்போலின் என்றாள். உயரமான கால்கள் மேல் நிற்கிற ரகம் என்றால் விழுந்து கையை உடைத்துக்கொள்வாள், தரையோடு தரையாகப் பதித்தால்தான் ஆயிற்று என்றார் மாமனார். பதித்து, அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் குழந்தை வீடு திரும்பும். அதுதான் பேச்சு.

அவன் ஒரு கம்பம் நட்டு, அதில் பழைய சைக்கிள் மணியைத் திருகினான்.

அடுத்த ஞாயிறு, குழந்தையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு மாமனார் மறுபடி வந்தார். சட்டத்தைக் குழிக்குள் இறக்கி, ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டி, வலையும் விரித்தாயிற்று. கதவு இல்லை என்று ஃபெயில் ஆக்கினார். கதவு சாத்தாமல் எந்த லிஃப்டும் நகரக் கூடாதாம். வானத்தைப் பார்த்துத் திறந்து கிடப்பதற்கு எப்படிக் கதவு போடுவது என்று அவன் கேட்கவில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு மரக்கதவு செய்து நட்டான். சுற்றிலும் வேலி கிடையாது. கதவு மட்டும் நின்றது.

மூன்றாம் ஞாயிறு மாமனார் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். குதிக்கும்போது அடியில் அடைபடும் காற்று வெளியேறக் குழாய் வைத்திருந்தான். மழைத் தண்ணீர் வடிய ஜல்லி கொட்டியிருந்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஏறுகிறவனுக்கு இது எந்தத் தளம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அவன் ஒரு பலகையில் 'தரை' என்று எழுதி மாட்டினான். இங்கே பஸ் நிற்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார்.

ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் மகள் போன் செய்வாள்.

"பாஸாப்பா?"

"அடுத்த வாரம்டா."

"பை எடுத்து வெச்சுட்டேனே. பிரிச்சுடட்டா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

நான்காம் ஞாயிறு எடைச் சோதனை. மாமனாரின் காரிலிருந்து மூன்று மணல் மூட்டைகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் எடை குறித்திருந்தது. கூட்டினால் தொண்ணூற்றிரண்டு கிலோ.

"பாப்பா பதினெட்டு கிலோதானே மாமா."

"சோதனைன்னா சோதனை."

மூட்டைகளை வலையின் நடுவில் வைத்தான். மாமனார் பருத்த உடம்பை மடக்கி மண்டியிட்டு, கன்னத்தைப் புல்லில் வைத்து, வலை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். மூன்று முறை அளந்தார். பிறகு ஒரு மூட்டையைக் கையால் அமுக்கிவிட்டு, அது எழும்பி எழும்பி அடங்குவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேனாவைத் திறந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் என்ன குறை மாமா? கண்ணாடி மாட்டணுமா, ஃபேன் போடணுமா, சொல்லுங்க. எதுன்னாலும் செஞ்சுடறேன். குழந்தையை மட்டும் அனுப்பிடுங்க."

எட்டு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். மாமனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். படிவத்தைக் கிழித்து நீட்டினார்.

அவன் ஒரு வரி விடாமல் படித்தான். பாஸ்தான். ஆனால், ஏறக்கூடிய ஆட்கள் என்ற இடத்தில் 'இரண்டு' என்று இருந்தது. இவர் போய் இப்படி ஒரு தப்புச் செய்வாரா?

"மாமா, இதுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் குதிக்கலாம். ரெண்டுன்னு போட்டிருக்கீங்க."

மாமனார் புல்லில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தி மாத்திக் குதிச்சுக்கறோம் மாப்பிள்ளை. எனக்கு எந்த ரூம்?"