ஏடன் கற்றாழை

"மாமு, இந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துனது?"

மலிகா கேட்டது ஹபீபுல்லாவின் காதில் விழுந்த மாதிரியே இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். மருமகள் கேள்வி கேட்டால் மட்டும் அவருக்குச் செவிடு வந்துவிடும்.

சட்டியில் கற்றாழை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மடலெல்லாம் பழுத்துக் கொழகொழத்துவிட்டது.

உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் பழையபடி ஓட ஆரம்பித்ததும் கலாசி வேலைக்குப் போன ஜாபர், ஏடனிலிருந்து கொண்டுவந்த செடி. "வெள்ளிக்கு வெள்ளி ஒரு கை தண்ணி தெளி, போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கப்பல் ஏறியவன்தான். ரம்ஜான் போயிற்று, பக்ரீதும் போயிற்று. ஒரு சேதியும் இல்லை. அந்த ராயபுரம் வீட்டில் புருஷன் கைபட்டது என்று மலிகாவுக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். ஏக்கம் தாங்காதபோது அதன் மடலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

செடியைப் பிடுங்கினாள். வேர் கறுத்து, தொட்ட இடமெல்லாம் கையோடு வந்தது.

"தூக்கிக் கடாசு. கலீஜா கீது."

"உங்க புள்ள குட்த்தது மாமு!"

"கப்பலுக்குப் போவாதடான்னேன், கேட்டானா? பெத்தவன் பேச்சை மதிக்காத பயலைப் பத்தி என்னாண்ட பேசாதே!"

சரியான கல்நெஞ்சு!

அழுகின வேரை நறுக்கி எறிந்தாள். வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பல் பூசி, நிழலில் காயப் போட்டு, மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டாள்.

"தண்ணி அதிகமாயிதான் அழுவிடுச்சு மாமு. இனிமே ஒரு சொட்டு படக் கூடாது."

கொஞ்ச நாளில் நடுவே ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. ஜாபரே தெருமுனையில் வந்துவிட்ட மாதிரி பூரித்துப்போனாள் மலிகா.

மறுநாள் பார்த்தால் மண் சொதசொதவென்று நனைந்திருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். பிள்ளை மேலிருக்கிற கோபத்தைச் செடி மேல் காட்டுகிறாரா? கையும் களவுமாகப் பிடித்து, நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு, வண்ணாரப்பேட்டைக்கு அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவுகட்டினாள்.

குழாயடிக்குப் போகிற மாதிரி குடத்தோடு கிளம்பி, பாதி வழியில் திரும்பினாள்.

நினைத்தது சரிதான். குடிக்க எடுத்த டம்ளரை வாய்வரை கொண்டுபோன ஹபீபுல்லா, குடிக்காமல் அப்படியே சட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி பட்டா செத்துடும்னு தெரிஞ்சே ஊத்துறீங்களே, உங்களுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு இது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்மா. ஊத்தக் கூடாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா இத்தப் பாத்தா அவன் மூஞ்சியாவே தெரியுது, தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்குது... கண்ணுக்கெட்டுன மட்டும் உப்புத் தண்ணியில கெடக்குறானே எம்புள்ள, அவனுக்கு ஒரு வாய் நல்ல தண்ணி யாரு குடுப்பா?"