கேமராவை அணைக்காத மாணவர்

வேலை பார்ப்பவர்களுக்கான வியூகத் தகவல்தொடர்பு (ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்) முதுகலை, ஆன்லைன் வகுப்பு. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கும் பல் டாக்டர், இங்கே வாயே திறந்ததில்லை. தேர்விலும் வெள்ளைத்தாள்.

"கேமராவை மட்டும் அணைக்கிறதே இல்ல. பேரை எடுத்துடட்டுமா டாக்டர்?" என்றார் பேராசிரியர்.

டாக்டர் அவசரமாக மைக்கை ஆன் செய்தார். "வேணாம் சார். ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன்."

"அப்படி என்னதான்யா பார்க்குறீங்க?"

திரையின் மூன்றாவது கட்டத்தில் இருந்த விளம்பர அதிகாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைத்தான் சார். அவர் சம்சாரம் நான். வேற நாட்டுல வேலை. எங்க கம்பெனியில படிப்புக்குன்னா நேரம் குடுப்பாங்க, புருஷனோட பேசன்னா குடுக்க மாட்டாங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு வகுப்பு அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேர் மட்டும் இருங்க" என்றவர், முதல் ஆளாகத் தானே வெளியேறினார்.