சகலையின் உருளை

கூடத்தின் நடுவில் விமான உடலுக்கான இரண்டு கார்பன் இழை உருளைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று இவன் பட்டறையில் செய்தது. மற்றது வேறொரு நாட்டுப் பட்டறையில் செய்தது. இரண்டும் கப்பலில் வந்து இறங்கியவை. அந்தப் பட்டறைக்கு மேற்பார்வையாளன் இவனுடைய சகலை. "சின்ன மாப்பிள்ளை கை பட்டா எதுவும் சோடை போகாது" என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். இப்போது இரண்டும் பொருந்தவில்லை. நடுவே அட்டை நுழையும் இடைவெளி. தப்பு அவனுடையதாக இருக்கட்டும் என்று இவன் வேண்டிக்கொண்டு நிற்கிறான். சோதிக்க வந்த பெண் வளைவு அளவியை முதலில் சகலையின் விளிம்பில் வைக்கிறாள். அடியில் துளி வெளிச்சமில்லை, கச்சிதம். இவனுடையதில் வைக்கிறாள், வெள்ளைக் கோடாக வெளிச்சம் ஒழுகுகிறது. "வட்டம் அமுங்கிருக்கே. உள்ள தாங்குற முட்டுச்சட்டம் மாட்டாமலா கப்பல்ல ஏத்தினீங்க?" "அத மாட்ட ஒரு நாள் ஆகும்மா. நேரமில்ல." "அப்படி யாருண்ணே உங்களைத் துரத்தினா?" சகலையினுடையதற்கு முன்னால் தன்னுடையது வந்து இறங்கவேண்டும் என்று இவன் ஓடிய பந்தயம் சகலைக்கே தெரியாது. அவள் குறிப்பெழுதத் திரும்பியதும், சகலையுடைய உருளையின் வழுவழுவென்ற விளிம்பில் நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பார்க்கிறான். நகம்தான் தேய்கிறது.