காலி வண்டி

சல்லடையில் தேறிவிட்ட மணல் துகளுக்குத் தலைகால் புரியவில்லை. கோணல் துகள்களை ஒதுக்கிவிட்டு, கெட்டியாக, உருண்டையாக இருந்தவற்றை மட்டும் கழுவி உலர்த்தி, எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

"பொறுக்கியெடுத்த ஆளாக்கும் நான்!" என்றது லாரியிடம்.

"எல்லாரும் இதையேதான் சொல்லிக்கிட்டு வர்றாங்க."

"திரும்பும்போது, முன்னாடி போனவங்களைக் கூட்டிட்டு வருவியா?"

"திரும்பும்போது நான் காலி வண்டி."

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"காலின்னா காலி."

துகள் லாரியின் ஓரத்துக்கு உருண்டது. "நிறுத்து, நான் இறங்கிக்கறேன்!"

"பிரேக் என்கிட்டயா இருக்கு?" என்றது லாரி.

கிணற்றில், தண்ணீரோடு கலந்து துகளைக் குழாய்க்குள் அடித்தார்கள். பூமிக்கு அடியில், அந்தத் தண்ணீரின் வேகத்தில் பிளந்த பாறையின் இடுக்கில் போய்ச் சிக்கியது. தண்ணீர் வடிந்ததும் பாறை இருபக்கமும் நெருக்கியது. பிளவு மூடாமல் தாங்கத்தான் கெட்டியான துகள் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் பிளவு வழியே எண்ணெய்த் துளி ஒன்று துள்ளிக்கொண்டு மேலே போனது.

"என்னைக் கூப்பிடறாங்க! பொறுக்கியெடுத்த ஆளாக்கும் நான். மேல லாரி நிக்குதாம்!"

'லாரிகிட்ட ஒண்ணு கேட்டுட்டு ஏறு' என்று கத்தப் பார்த்தது துகள். பாறை இன்னும் கொஞ்சம் நெருக்கியது.