இந்த முகத்தை உள்ளே விடாதே

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், மதுக்கூடமும் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தின் வாசல் மேசையில் எனக்கு அது முதல் வாரம். வலது கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், ஒரு உறையை மேசைமேல் ஓங்கி வைத்தார்.

“இந்தாம்மா, உள்ள இருக்கிற போட்டோவை வெச்சுக்கோ. இந்த நாய் இனிமே இந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஒரு சொட்டு பீர் ஊத்தக் கூடாது.”

குடித்துக் கெடுபவர்களை உள்ளே விடாதிருக்க, படத்தோடு எழுதிக் கொடுப்பது எங்கள் மன்றங்களில் வழக்கம்தான். படிவத்தை எடுத்தேன்.

“என்ன பண்ணினாரு?”

“நேத்து என் மக பொறந்தநாளு. கேக் வெட்டுறப்ப ஒரு பலூன் வெடிச்சுது. அவ்வளவுதான், குடிச்சிருந்தவன் வெறி புடிச்சுக் கண்ணாடிக் கதவை உடைச்சுட்டான். பிள்ளை கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு.”

“உங்க கைக் காயம்?”

“அவனாலதான்.”

“போருக்குப் போனவரா?”

“ஆப்கானிஸ்தான். அதைச் சொல்லித்தான் எல்லாரும் பாவம் பாக்குறாங்க. நான் பாக்க மாட்டேன். அவனை அழ வைக்காம விட மாட்டேன்.”

“எத்தனை மாசத்துக்குத் தடை?”

“சாகுற வரைக்கும். காலைப் புடிச்சுக் கெஞ்சுவான், நம்பிடாத. கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளு.”

“எப்பலேர்ந்து?”

“இந்த நிமிஷத்துலேர்ந்து.”

உறையைப் பிரித்துப் படத்தைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே முகம்.

அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குனிந்து கழுத்தை நீட்டினார்.

“என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற? தள்ளு!”