லயத்துக்குக் காப்பி போடு

“மிச்சத்தைக் குடிக்க நாம என்ன நாயா?”

கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் பேச்சிமுத்து கூடையை எட்டி உதைக்கப் போனான். அவன் மனைவி சிவனம்மா பாய்ந்து தடுத்தாள். அவள் ஹந்தானைக் காப்பித் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்பவள். கூடை நிறையக் காப்பித்தூள். விருந்துக்குக் கண்டியிலிருந்து வரவேண்டிய வெள்ளைக்காரர்கள் வராததால் மிஞ்சியது.

“கொட்டிடவான்னு கேட்டேன். ‘வேணாம், லயத்துக்குக் காப்பி போடு’ன்னு தொரையே சொன்னாரு.”

“ஒரு காப்பிப்பழத்தை வாயில போட்டதுக்கு எம் முதுகைக் கிழிச்சவன், இன்னைக்குக் காப்பி குடுக்கிறானா? நான் தொடமாட்டேன்!”

லயத்தில் வேறு யாருக்கும் அந்தக் கோபம் இல்லை. வருஷக்கணக்காகக் காப்பிப்பழம் பறித்தவர்கள் அன்றுதான் காப்பி குடித்தார்கள். கசந்தது. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். துரையை வாழ்த்தினார்கள்.

குதிரைச் சத்தம் கேட்டது. துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அவர்கள் கையிலிருந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

“குடிக்கவா சொன்னேன்?” வாசலில் ஓடிய சாக்கடையைக் காட்டித் தன் அரைகுறைத் தமிழில் கத்தினார். “அதிலே போடு! லயம் நாத்தம் பங்களா வருது! காப்பித்தூள் போட்டா நாத்தம் போகும்!”

யாரும் அடுத்த வாய் குடிக்கவில்லை. சிவனம்மா சாக்கடையில் போட மீதித் தூளை அள்ளக் குனிந்தாள்.

பேச்சிமுத்து அவள் கையைப் பிடித்தான்.

“எனக்கும் ஒரு சிரட்டை ஊத்து புள்ள. பங்களா நாறட்டும்!”