மாப்பிள்ளையின் கை

"கவலையே படாதீங்க. நம்ம மாப்பிள்ளை உள்ள இருக்கார்ல? தீர்மானம் படுத்த மாதிரிதான்."

பார்வையாளர் பெஞ்சில் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டிச் சிரித்தார் பழைய சாமான் கடைக்காரர். தங்கையின் புருஷன் உறுப்பினர்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இவர் கையசைத்தார். அவர் பார்க்கவில்லை.

நகர மன்றத்தில் அன்று குப்பைக் கட்டணம் ஓட்டுக்கு வந்தது. எல்லாவற்றையும் கலந்து போட்டால் மாதக் கட்டணம் ஏறும். பாட்டில், தகரம், காகிதம் என்று தனியாக வைத்தால் நகராட்சி வண்டியே வாசலுக்கு வந்து சும்மா எடுத்துக்கொள்ளும். அதைத் தரம் பிரிக்க நகராட்சியே கொட்டகை போட்டு ஆள் எடுக்கும்.

அப்படி நடந்தால் கடைக்காரரின் கடையில் ஒரு காலி பாட்டில்கூட வந்து விழாது. தங்கையைக் கட்டிக்கொடுத்தது அந்தக் கடையை வைத்துத்தான். மாப்பிள்ளை தேர்தலில் நின்றபோது கடையைப் பூட்டிவிட்டுத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு, தொண்டை கட்டிப்போனவரும் அவர்தான்.

இருந்தாலும் மனசு கேட்காமல், முந்தின நாள் சாயங்காலம் மனைவியை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவள் கடைக்குப் பின்னால் உடைந்த பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரலில் மறுபடியும் ரத்தம்.

"பாத்துப் பொறுக்க மாட்டியா? சரி, அதை விடு. நானே போய்க் கேட்டா மாப்பிள்ளைக்குச் சங்கடமா இருக்கும். நீ போய்ப் பதமா எடுத்துச் சொல்லிட்டு வா."

அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "சொல்லிட்டேன். சரின்னுட்டார்" என்றாள். அதற்கப்புறம்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார் மன்றத் தலைவர்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மாப்பிள்ளை குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். தலைவர் எண்ணி முடிக்கப் போகும் நேரத்தில், அவருடைய கையும் மெதுவாக மேலே போனது.

ஒரே ஒரு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

கடைக்காரர் வராந்தாவில் காத்திருந்து மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே! எவன்கிட்ட விலை போனீங்க?"

"மச்சான், விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! சொந்த மச்சான் வயித்துல அடிச்சவர் மூஞ்சியை ஊரே பாக்கட்டும்!"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் யார்கிட்டயும் விலை போகல. யோசிச்சுத்தான் தூக்கினேன். வீட்டுக்குப் போங்க, மச்சான்."

"போறேன். இனிமே உங்க வாசப்படி மிதிச்சா என்னைச் செருப்பால அடிங்க."

வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே நடந்தார். தோளில் தூக்கி வளர்த்த தங்கை. அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

கடைக்குள் நுழைந்ததும் காலில் இடறிய தகர டப்பாவை எட்டி உதைத்தார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாங்கடி. நேத்து உன்கிட்ட சரின்னு சொல்லிட்டு இன்னிக்கு இப்படிப் பண்ணிட்டாரே! அந்த வீட்டோட இனிமே நீயும் பேச்சு வெச்சுக்காதே."

அவள் மூட்டையின் வாயைக் கட்டி ஓரமாகச் சாய்த்தாள். தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"நாளைக்கு என்ன பண்ணுவோம்? உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"நான் அந்தக் கொட்டகையில வேலைக்குப் போறேன். கல்யாணம் ஆனதுலேருந்து இங்க பொறுக்கறேன், நீங்க ஒத்தைக் காசு குடுத்ததில்ல. அங்க சம்பளம் குடுப்பாங்களாம்."

கடைக்காரர் சொம்பை நங்கென்று வைத்தார். "என்னை நடுத்தெருவுல நிறுத்தின துரோகி திறக்கற கொட்டகைக்கா? உனக்கு ரோஷமே கிடையாதா?"

"அவரைத் திட்டாதீங்க."

"ஏன் திட்டக் கூடாது?"

"கையைத் தூக்கச் சொல்லி நான்தான் கேட்டேன்."